பதினான்காம் வேலை நாள்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அமெரிக்காவில் எங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் நிதிக் கூட்டுக்குழு, மன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் 305ஆம் எண் அறையில் கூடியது. பன்னிரண்டு உறுப்பினர்களில் பதினொருவர் வந்திருந்தனர்; ஒருவர் தம் பண்ணையில் பசுக்கள் ஈனும் காலம் என்று எழுதி அனுப்பியிருந்தார். நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்தான் இருந்தது. வாக்குச்சாவடிகளுக்குள் சக்கர நாற்காலி போவதற்கு வழிசெய்ய மத்திய அரசு தந்த மானியத்தை மாநிலம் ஏற்கலாமா என்பதும், அதற்கு வந்த ஆட்சேபமும். அக்குழுவின் செயலராக இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றிய நான், வழக்கம்போல் தலைவருக்கு இடப்பக்கம், அரை அடி பின்தள்ளி அமர்ந்திருந்தேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்தல் நடத்த மத்திய அரசு எந்தப் பணம் தந்தாலும், கூட்டுக்குழு அறியாமல் மாநிலத் தேர்தல் ஆணையம் அதைத் தொடக்கூடாது. ஆணையம் எங்களுக்கு எழுத வேண்டும். கடிதம் கிடைத்த மறுநாளிலிருந்து பதினான்கு வேலை நாள்கள் எண்ணப்படும். அதற்குள் எந்த உறுப்பினரும் வாய் திறக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகப் பொருள். ஒரே ஓர் உறுப்பினர் ஆட்சேபித்து எழுதினாலும் போதும், எல்லாம் நின்றுவிடும். தலைவர் கூட்டம் கூட்டி முடிவு காண வேண்டும். எப்போது கூட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆட்சேபித்தவர் பெயர் தலைவருக்கும் செயலருக்கும் மட்டுமே தெரியும். அதை வெளியில் சொல்வது குற்றம்.

தேர்தல் ஆணையத்தின் கடிதம் மார்ச் 4ஆம் தேதி, திங்கட்கிழமை வந்தது. ஆட்சேபக் கடிதம் மார்ச் 25ஆம் தேதி, திங்கட்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. அன்று பதினான்காம் வேலை நாள். கடைசி நாளின் கடைசி மணி. நான் எண்ணியிருந்தேன், தேர்தல் ஆணையத்துக்கு மறுநாளே அறிவித்தேன், அறிவிப்பில் கையெழுத்திட்டதும் நான்தான்.

கூட்டம் தொடங்குமுன் தாழ்வாரத்தில் டார்லீன் வெசலி எனக்காகக் காத்திருந்தார். ஆஸ்பெர்க் கவுண்டியின் எழுத்தர். கவுண்டி என்னும் எங்கள் மாவட்டத்தில் பத்திரப் பதிவு முதல் தேர்தல்வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் தடித்த கோப்பு, மறு கையில் மூடிய தகர டப்பா.

"மிஸ் ஸ்டால்கே நீங்கதானே? கடிதத்துல உங்க கையெழுத்தப் பாத்து நூறு வயசு இருக்கும்னு நெனச்சேன். இந்தாங்க, கசகசா வச்ச பன்னு. எங்க அத்தை கைப்பக்குவம்."

"கூட்டம் முடியறவரைக்கும் எதுவும் வாங்கிக்கக் கூடாது."

"பன்னுக்குக் கூடவா சட்டம்?"

"பன்னுக்கு இல்ல. பன்னக் குடுக்கறவங்களுக்கு."

அவர் சிரித்தார். டப்பாவை ஜன்னல் மேடையில் வைத்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒண்ணு கேக்கலாமா? இன்னைக்கு முடிவு கெடச்சிடுமா? மே ஒண்ணாம் தேதிக்குள்ள நான் வாக்குச்சாவடிப் பட்டியல அனுப்பியாகணும். கிரேன் க்ரீக் ஊர் மன்றத்துல இருக்கற சாவடிக்கு சக்கர நாற்காலி ஏற சாய்தளம் போட பணம் இருக்குன்னு காட்டலேன்னா, கவுண்டி வாரியம் அத மூடிடும். அப்புறம் அங்க இருக்கற தொண்ணூத்தாறு பேரும் நாப்பத்துமூணு மைல் போய்த்தான் ஓட்டுப் போடணும்."

"முடிவு குழுவோடது. நான் எழுதறவ."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லவில்லை. தலைவர் செனட்டர் நார்பர்ட் ஹாகன் முந்தைய நாளே எனக்குக் குறிப்புத் தந்திருந்தார்: சாட்சியங்களைக் கேட்டபின் பொருளை ஜூலைக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். தீர்மான வரைவு என் கோப்பில் தட்டச்சாகி இருந்தது. ஜூலை என்றால் கிரேன் க்ரீக் மன்றம் மூடப்பட்டுவிட்டது என்றே பொருள். யாரும் எதிர்த்து வாக்களிக்காமலே ஒன்று செத்துப்போவதற்கு எங்கள் சட்டத்தில் இப்படி ஒரு வழி உண்டு.

தலைவர் கெட்டவரல்லர். அவர் கருத்தை மறைத்ததும் இல்லை. டார்லீன் வெசலி சாட்சி மேசையில் அமர்ந்ததும் அதை அவரிடமே நேராகச் சொன்னார்.

"பாருங்க அம்மா, உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. வாஷிங்டன் இன்னைக்கு சாய்தளம் குடுக்கும். நாளைக்கு எந்த மெஷின், எந்தக் காகிதம், எத்தன மணிக்குக் கதவத் தெறக்கணும்னு அதுவே சொல்லும். பணத்தோட பின்னாடியே கயிறு வரும். நாங்க கேக்காம வேற யாரு கேப்பாங்க?"

"கேளுங்க சார். நல்லாக் கேளுங்க. கேக்கறதுக்குத்தான் அஞ்சு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். கயிறு இருந்தா காட்டுங்க, நானே அறுத்துட்டுத் தரேன்."

ராய்ஸ் டில்லட்சன் என்ற உறுப்பினர் உரக்கச் சிரித்தார். மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டுப் பழகியவர். மெதுவாகப் பேசுவது அவருக்கு வராது.

"ஏம்மா, தபால்ல ஓட்டுப் போட வேண்டியதுதானே? எங்க மாமியார் படுத்துக்கிட்டே போடறாங்க. எனக்கு எதிராத்தான் போடறாங்க, ஆனாப் போடறாங்க!"

"போடலாம் சார். ஆர்டிஸ் நோவாட்னி போடமாட்டேங்கறாங்களே. எழுபத்தொண்ணு வயசு. இருபத்திரெண்டு வருஷம் அதே மன்றத்துல, அதே மேஜைல உக்காந்து, வர்றவங்க பேர ஒவ்வொண்ணாக் குறிச்சவங்க. இடுப்பு ஒடஞ்சதுக்கப்புறம் மூணு படி ஏற முடியல. போன தடவ ரெண்டு ஆம்பளைங்க நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. பனி. ஒருத்தர் கால் வழுக்கிடுச்சு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா காப்பீட்டுக் கம்பெனி, இனிமே தூக்கினா நாங்க பொறுப்பில்லன்னுட்டாங்க. அதனால வாரியம் சொல்லுது: ஒண்ணு சாய்தளம், இல்ல பூட்டு."

"அவங்கள கார்லயே உக்காரச் சொல்லிட்டு சீட்டக் கொண்டுபோய்க் குடுங்களேன்."

"குடுத்தோம். 'நான் இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவ, வாசல்ல வச்சு சோறு போடறியா'ன்னு கேட்டாங்க."

அறையில் சிலர் சிரித்தனர். தலைவர் சிரிக்கவில்லை.

"இவங்க ஒருத்தருக்காகவா?" என்றார்.

"இவங்க ஒருத்தர் ஏற முடியாததால மூடினா மிச்சம் தொண்ணூத்தஞ்சு பேரும் நாப்பத்துமூணு மைல் போகணும். ஊர்ல இப்பவே அவங்களப் பாத்து மூஞ்சியத் திருப்பறவங்க இருக்காங்க. 'நீ வீட்லயே இருந்திருந்தா மன்றம் இருந்திருக்கும்'னு கடையில வச்சு ஒருத்தர் சொல்லியே சொல்லிட்டார். அவங்க என்கிட்ட, 'டார்லீன், என் பேர லிஸ்ட்லேருந்து எடுத்துடு, வம்பு தீரட்டும்'னாங்க. நான் எடுக்கல. எடுக்கறதுக்கு எனக்கு அதிகாரமும் இல்ல, மனசும் இல்ல."

தலைவர் தம் காகிதங்களை ஒழுங்குசெய்தார். அது பொருளை முடிப்பதற்கான அடையாளம் என்பது எனக்குத் தெரியும். டார்லீன் வெசலிக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

"தள்ளிப் போடப் போறீங்க, இல்லையா?" என்றார்.

"ஜூலைல விரிவாப் பேசலாம்னு..."

"சார், வேணாம்னு சொன்னாக்கூட ஒத்துக்குவேன். ஊருக்குப் போய், 'இன்னாரு இன்ன காரணத்துக்காக வேணாம்னுட்டாங்க'ன்னு சொல்லுவேன். தள்ளிட்டா யாரு பேரச் சொல்றது? ஆட்சேபிச்சவர் பேரே தெரியாது. இப்ப முடிவு பண்ணினவர் பேரும் இல்லாமப் போயிடும்."

அவர் கோப்பைத் திறந்து, புகைப்படங்களையும் கடிதங்களையும் குழுவின் பதிவுக்காகக் கொடுப்பதாகச் சொன்னார். சாட்சி தரும் ஆவணங்களுக்கு எண்ணிடுவது என் வேலை. அவர் எழுந்து வந்து என் முன் வைத்தார்; ஓரங்கள் ஒன்றுபோல் அடுக்கப்பட்டிருந்தன. கவுண்டி அலுவலகங்களிலிருந்து அப்படி வருவது அரிது.

முதலாவது, மூன்று படிகளின் புகைப்படம். இரண்டாவது, காப்பீட்டுக் கடிதம். மூன்றாவது, மானியத்தை ஆதரித்து அவர் எங்கள் குழுவுக்கே ஃபேக்ஸில் அனுப்பிய கடிதம். அதன் முதல் பக்கத்தின் வலது மேல் மூலையில் என் வரவு முத்திரை இருந்தது. 'பெறப்பட்டது. மார்ச் 14, 2024. காலை 7.52.' கீழே என் சுருக்கொப்பம்.

எண்ணிடுவதற்காக எடுத்த பேனாவை மேசைமேல் வைத்தேன்.

மார்ச் 14 பனிப்புயல் நாள். காலை பத்து மணிக்கு ஆளுநர் எல்லா அலுவலகங்களையும் மூடச் சொன்னார். நிர்வாகத் துறை வெளியிட்ட பட்டியலில் அந்த நாள் 'மூடப்பட்டது' என்று இருந்தது. அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பதினான்கு நாள்களை எண்ணினேன். 14ஆம் தேதியை விட்டுவிட்டேன். ஆகவே கடைசி நாள் 25 ஆயிற்று.

ஆனால் எங்கள் குழுவுக்கு நிர்வாகத் துறைப் பட்டியல் விதியன்று. எங்கள் நடைமுறை விதி ஏழாவது இப்படிச் சொல்கிறது: குழு அலுவலகத்தின் வரவு முத்திரை எந்த நாளில் ஒரு தாளின்மீதாவது விழுகிறதோ, அந்த நாள் வேலை நாள். 1986இல் வெள்ளம் வந்து கட்டடத்தின் பாதி மூடியிருந்தபோது, திறந்ததா மூடியதா என்று பெரிய சண்டை எழுந்து, அதன்பின் எழுதப்பட்ட விதி அது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த அறையில் இருவர். ஒருவர் தலைவர். மற்றவர் நான்.

நான் நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். அன்று காலை ஏழரைக்கு நடந்து வந்தேன். பனி முழங்காலுக்கு இன்னும் ஏறவில்லை. ஃபேக்ஸ் பொறியில் ஒரே ஒரு கடிதம். முத்திரை குத்தினேன். முதல் பக்கத்தை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பினேன். அதுவும் எங்கள் வழக்கம். தாளைக் கவுண்டிக் கடிதங்களின் கோப்பில் வைத்தேன், மானியக் கோப்பில் அன்று. பத்து மணிக்கு மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதன்பின் அந்தக் காலையை மறந்தேன்.

14ஆம் தேதியைச் சேர்த்தால் பதினான்காம் வேலை நாள் மார்ச் 22, வெள்ளிக்கிழமை. ஆட்சேபம் வந்தது 25. காலம் கடந்து வந்த ஆட்சேபம். அந்த மானியத்துக்கு ஒப்புதல் கிடைத்து மூன்றரை வாரம் ஆகியிருந்தது. நாங்கள் அனைவரும் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

குழு கூடியிருக்கும்போது கேட்கப்படாமல் செயலர் பேசக் கூடாது. ஆனால் தலைவருக்குச் சீட்டு எழுதித் தரலாம். எழுதினேன். 'சாட்சி ஆவணம் 3ஐப் பார்க்கவும். விதி 7. என் எண்ணிக்கை தவறு. கடைசி நாள் 22.' தேதியிட்டு ஒப்பமிட்டு, தீர்மான வரைவின் மேல் வைத்து நகர்த்தினேன்.

தலைவர் படித்தார். ஆவணத்தை எடுத்தார். முத்திரையைக் கண்ணாடி போட்டு ஒருமுறையும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் பார்த்தார். பத்து நிமிட இடைவேளை அறிவித்தார்.

நான் அவர் பின்னே அவருடைய அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார்.

"மிஸ் ஸ்டால்கே, இது இப்பத்தான் உங்க கண்ணுல பட்டுச்சா?"

"இப்பத்தான்."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவங்க ஆதரவுக் கடிதம்னு குடுத்தாங்க. முத்திரைய அவங்க பாக்கறது ரசீதா."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அது இப்பக் குழுவோட ஆவணம். நம்பர் மூணு."

"நம்பர் போட்டாச்சா?"

"இன்னும் போடல. போடுவேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தொன்பது ஆண்டுகளில் ஆறு தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்தான் விதிப் புத்தகத்தைப் படித்தவர். ஆகவே இவரிடம்தான் எனக்குப் பயமும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது.

"காலைல ரெண்டு மணி நேரம் கட்டடம் தெறந்திருந்துச்சு. ஒரே ஒரு தாள். இதப் போய் வேலை நாள்னு யாராவது ஒத்துப்பாங்களா?"

"விதி 'ஒரு தாள்'னுதான் சொல்லுது. ரெண்டுன்னு சொல்லியிருந்தா நானும் ஒத்துக்கமாட்டேன்."

"நவம்பர்ல ஓய்வு பெறப் போறீங்க. இது குறிப்புல ஏறும். உங்க பேரோட."

"ஏறணும். தப்பு என்னோடது."

"உங்களுக்கு அந்தச் சாய்தளம் வேணுமோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"வாஷிங்டன் பணம் பத்தி நீங்க சொன்னது எனக்குச் சரின்னுதான் படுது. கேக்கத்தான் வேணும். பதினாலு நாளைக்குள்ள கேட்டிருக்கணும்."

அவர் என் சீட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "ஒரு பிடிவாதக்காரி போதாதுன்னு ரெண்டு பேரு" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்.

மீண்டும் கூடியதும் தலைவர் என் சீட்டை அப்படியே படித்தார். விதி ஏழையும், முத்திரையில் இருந்த தேதியையும் நேரத்தையும் படித்தார். டார்லீன் வெசலிக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ தம்மைக் குற்றம் சாட்டுவதாக எண்ணி, "அந்தக் கடிதம் நான் நேரத்துக்குத்தான் அனுப்பினேன், புயலுக்கு முன்னாடியே அலுவலகம் வந்துட்டேன்" என்றார்.

"நேரத்துக்கு அனுப்பினீங்க அம்மா. அதுதான் விஷயமே" என்றார் தலைவர்.

ஓர் உறுப்பினர் எழுந்து, தவறுதலாக விழுந்த முத்திரையால் சட்டமன்றத்தின் உரிமை போய்விடக் கூடாது என்று வாதிட்டார். வாதத்தில் வலு இருந்தது. அதைக் குறிப்பில் முழுமையாக எழுதியிருக்கிறேன்.

டில்லட்சன் கேட்டார்: "தலைவரே, எனக்கு ஒரே சந்தேகம். முழங்கால் பனியில எட்டு மணிக்கு முன்னாடியே ஆபீசுக்கு வந்தது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தனர். தலைவர், "செயலர் பதில் சொல்லலாம்" என்றார்.

"நான்தான். முழங்காலுக்கு வரல. கணுக்காலுக்கு மேல."

"அப்ப அது வேலை நாள்தான். அன்னைக்கு என் மாடுகூட கொட்டாயவிட்டு வெளிய வரல!"

தலைவர் சுத்தியலைத் தட்டினார். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

ஆட்சேபம் காலம் கடந்தது என்று தலைவர் தீர்ப்பளித்தார். அதை எதிர்த்து முறையீடு எழுந்ததால் வாக்கெடுப்பு நடந்தது. தலைவர் வாக்களிக்காத நிலையில், தீர்ப்பை ஆதரித்து ஆறு பேர், எதிர்த்து நால்வர். ஆட்சேபக் கடிதம் எழுதியவர் அந்த ஆறு பேரில் ஒருவரா, நால்வரில் ஒருவரா, மாடு ஈனுகிறது என்று வராமல் இருந்தவரா, வாக்களிக்காதவரா என்பதை நான் சொல்லப்போவதில்லை.

கூட்டம் முடிந்ததும் டார்லீன் வெசலி டப்பாவோடு வந்தார்.

"இப்ப வாங்கிக்கலாமா?"

"இப்ப வாங்கிக்கலாம்."

"நீங்க அத சொல்லாமலேயே விட்டிருக்கலாம்."

"உங்களுக்காகச் சொல்லல."

"தெரியும். அதனாலதான் ரெண்டு பன்னு கூடுதலா எடுத்துக்கச் சொல்றேன்."

ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது, சர்க்கரை சற்று அதிகம்.

இறுதியாக முடிவானவை இவை. மத்திய அரசின் மானியம் மார்ச் 22 வேலை நேரம் முடிந்தபோதே ஒப்புதல் பெற்றதாகக் கூட்டுக்குழு பதிவு செய்தது. மார்ச் 26இல் தேர்தல் ஆணையத்துக்கு நான் அனுப்பிய அறிவிப்பு, செயலரின் எண்ணிக்கைத் தவறு காரணமாக, என் பெயருடன் திரும்பப் பெறப்பட்டது. இனி வேலை நாள்களைச் செயலர் எண்ணியபின் குழுவின் சட்ட ஆலோசகரும் தனியே எண்ணிக் கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆட்சேபம் வந்தால் முப்பது நாளுக்குள் கூட்டம் கூட்ட வேண்டும் என்று டில்லட்சன் கொண்டுவந்த திருத்தம் ஐந்துக்கு ஐந்து என்று சமநிலையில் நின்றது; தலைவர் எதிர்த்து வாக்களித்ததால் தோற்றது. ஏப்ரல் 29ஆம் தேதி ஆஸ்பெர்க் கவுண்டி வாரியம், அக்டோபர் முதல் தேதிக்குள் சாய்தளம் முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு, கிரேன் க்ரீக் மன்றத்தை வாக்குச்சாவடிப் பட்டியலில் வைத்துக்கொண்டது. பட்டியல் ஏப்ரல் 30ஆம் தேதி காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அனுப்பப்பட்டது.